பெயரை மூடிவிட்டுக் கேள்

திருகோணமலை நகரில் நான் தொழில் பழகிய கடைக்கு எந்தக் கிற்றார்காரர் வந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "மாஸ்டர், மார்ஷல் திறமா, ஃபெண்டர் திறமா?" மாஸ்டர் கையிலிருக்கும் வேலையிலிருந்து நிமிராமலே, "எங்க வாசிக்கப் போறீங்கள்? ஆரோட?" என்று திருப்பிக் கேட்பார். வந்தவர் முகம் வாடிவிடும். கடன்பட்டோ வெளிநாட்டு அண்ணனிடம் கேட்டோ, கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் ஓர் அம்ப் வாங்கத் துணிந்து வந்தவருக்கு ஒரு பெயர் வேண்டும். மாஸ்டரிடம் கிடைப்பது கேள்விதான். அந்தக் கேள்வி எவ்வளவு சரியானது என்று எனக்கு விளங்கச் சில வருடங்கள் எடுத்தன.

எனக்கு ஊர் இலங்கைத்துறை முகத்துவாரம். உல்லைக்கழி கடலோடு சேரும் இடம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அதன் பிறகு ஏ-15 வீதியின் மற்றப் பாலங்களும் வந்ததால்தான், ஆற்றுக்கு ஆறு படகு பார்த்து நிற்காமல் நகரத்துக்குப் போய்வந்து தொழில் பழகுவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாத்தியமானது. பள்ளிக்கூட இசைக்குழுவில் கிற்றார் வாசித்திருந்தேன். அம்ப் திருத்தப் பழகினால் எந்த அம்ப் நல்லது என்று தானாகவே தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

மாஸ்டர் வால்வு வானொலிகள் திருத்தித் தொழில் பழகியவர். திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஸும் கோணேஸும் தமிழ்ப் பொப் பாடி நாடறிந்த காலத்தில் அவர் சிறுவன். மின்கிற்றார் என்ற ஒன்றை அந்தக் காலத்து மேடைகளில்தான் முதலில் கண்டதாகச் சொல்வார். நான் தோளில் கொண்டுபோன கிற்றாரைப் பார்த்துவிட்டு, "அது அந்த ஆணியில தொங்கட்டும் தம்பி. முதல்ல கை பழகட்டும்" என்றார்.

கை பழகுவதென்றால் சோல்டர் பிடிப்பது. 60க்கு 40 என்ற கணக்கில் தகரமும் ஈயமும் கலந்த கம்பி. 183 பாகையில் இளகத் தொடங்கும். சூட்டுக்கோலின் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துப்போய் வயரின் மேல் அப்புவேன். அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். பார்த்தால் ஒட்டியதுபோலத்தான் இருக்கும். மீட்டரும் தொடர்பு இருக்கிறதென்றே காட்டும். ஆனால் மேடையில் பக்கத்தில் ட்ரம் அடிக்கும்போது, அந்த அதிர்வில் சத்தம் விட்டுவிட்டு வரும். மாஸ்டர் ஒரு மெல்லிய குறட்டை எடுத்து நான் ஒட்டிய ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுப்பார். என்னுடையவை வரிசையாகக் கழன்று வரும். அவர் ஏசமாட்டார். பழைய ஈயத்தை முழுதாக உறிஞ்சி எடுத்துவிட்டு, "திரும்ப" என்பார். அந்த ஒரு சொல்லை எத்தனையோ மாலைகள் கேட்டிருக்கிறேன். மற்றக் கடைகள் பூட்டிய பிறகும் எங்கள் கடையில் சோல்டர்ப் புகை நிற்கும்.

சூட்டை ஈயத்துக்குக் கொடுக்கக்கூடாது, வயரும் முனையும் சந்திக்கும் இடத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். காதால் கேட்டேன், கைக்கு அது வந்து சேரவில்லை. ஒருநாள் அவசரப்படாமல் நுனியை அந்தச் சந்திப்பில் வைத்துக்கொண்டு, மறுபக்கத்திலிருந்து ஈயக் கம்பியைத் தொட்டேன். ஈயம் ஒரு கணம் பளபளத்து, தானாகவே வயரின் இழைகளுக்குள் ஓடி மறைந்தது. பிடித்திருந்த கம்பி விரலில் ஒரு சின்ன இளகலைக் காட்டியது. குறடு இழுத்தும் கழலவில்லை. மாஸ்டர் அடுத்த வயருக்குப் போனார். அதுதான் அவருடைய பாராட்டு.

வால்வு அம்ப்பின் உள்ளே கை வைக்க விட்டது அதற்கும் பிந்தித்தான். பிளக்கைக் கழற்றிவிட்டாலும் அதன் பெரிய கப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையால் மட்டும் தொடவேண்டும். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சைக் கடந்து போகும். தேங்கியதை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெல்ல வடியவிட்டு, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே வேலை. திருத்திய அம்ப்பை முதல்முறை போடும்போது நேராகச் சுவர்ப் பிளக்கில் போடமாட்டோம். நடுவில் ஒரு பழைய இழை பல்ப்பைத் தொடராகக் கோர்த்திருப்போம். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் உள்ளே நலம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷோர்ட். அந்த மங்கலைப் பார்க்கும்போது வரும் நிம்மதி எனக்கு இன்றும் குறையவில்லை.

எங்கள் ஊர் அம்ப்புகளின் முதல் எதிரி உப்புக் காற்று. உட்துறைமுகத்திலிருந்தும் டச்சு விரிகுடாவிலிருந்தும் நகருக்குள் வரும் காற்று, வொலியூம் நொப்பைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் எழுப்ப வைக்கும். ஜாக்கின் தகட்டில் பச்சைக் களிம்பு ஏற்றும். ஒருமுறை நல்ல பெயருள்ள அம்ப் ஒன்று வந்தது. பத்து நிமிடம் நன்றாகப் பாடும், பிறகு சத்தம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். பெரிய கப்பாசிட்டர்களை அளந்தேன். வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் போய்விட்டதென்றே தீர்மானித்துவிட்டேன். அது போனால் அம்ப்பின் பாதி விலை போன மாதிரி. மாஸ்டர் வந்து, பின்பக்கத்தில் எஃபெக்ட் மிதிகளுக்கென்று இருக்கும் இரண்டு துளைகளை ஒரு குட்டை வயரால் இணைத்தார். முழுச் சத்தமும் திரும்பி வந்தது. அந்தத் துளையின் உள்ளே, பிளக் இல்லாதபோது தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய ஒரு சின்னத் தகடு உப்பேறித் தொடாமல் நின்றிருக்கிறது. "பெரிய சாமானைச் சந்தேகிக்க முதல், அசையிற சாமானைப் பார்" என்றார். அந்த அம்ப்புக்காரரிடம் என் தீர்மானத்தை நான் சொல்லியிருந்தால், அவர் அதை விற்றே இருப்பார்.

இப்படிப் பின்பக்கத்திலிருந்தே பழகியதால், பெயர்ப் போட்டியைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்று மாஸ்டர் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சொந்தம் இருக்கும். ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ட்ரம்காரர். 1962இல் அவருக்காகக் கென் பிரானும் டட்லி கிரேவனும் கட்டிய முதல் அம்ப், ஃபெண்டரின் பேஸ்மேன் அம்ப்பின் சுற்றுப்படத்தைப் பார்த்துச் செய்தது. இங்கிலாந்தில் கிடைத்த வால்வுகள், இங்கிலாந்தில் செய்த செலெஷன் ஸ்பீக்கர்கள். ஃபெண்டரின் பெட்டி பின்னால் திறந்தது, 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு. மார்ஷலின் பெட்டி மூடியது, 12 அங்குலம் நான்கு. ஊரில் இளைஞர் கட்சி பிரிந்து சண்டைபிடிக்கும் இரண்டு பெயரும் ஒரே படத்திலிருந்து பிறந்தவை. மாஸ்டர் இரண்டு சுற்றுப்படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, வித்தியாசங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னார். வட்டங்கள் மிகக் கொஞ்சம்.

பிறகு கேட்கும் பாடம். திருத்த வந்த அம்ப்புகளின் முன்பக்கத்தைச் சாரத்தால் மூடிவிட்டு, எது எதுவென்று சொல்லச் சொல்வார். நான் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை என்பதைவிட, எப்படிப் பிழைவிட்டேன் என்பதுதான் பாடம். எப்போதும் சத்தம் கூடியதையே நல்லதென்று தெரிவுசெய்வேன். இரண்டு அம்ப்பில் ஒன்றின் வொலியூமை அவர் மயிரிழை கூட்டிவிட்டால் போதும், என் விருப்பம் அந்தப் பக்கம் சாயும். "காது கள்ளன். கூடச் சத்தத்தைத் திறம் எண்டு சொல்லும்" என்பார். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிடலாம் என்பதைக் கையாலேயே பழக்கினார்: கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதின் நொப்பைத் திருப்பி, முதலாவதோடு சமமானதும் நிறுத்தவேண்டும். நிறுத்திய இடம் பிழையாகவே இருக்கும். விரல் நொப்பில் இருக்கும்போது காது வேறு மாதிரி வேலை செய்கிறது. விரலை எடுத்துவிட்டுக் கேட்டால் பிழை தெரியும். அதைப் பழகவே எனக்கு நெடுநாள் போனது.

வாட் கணக்கிலும் இதே மயக்கம். 100 வாட் அம்ப் 50 வாட் அம்ப்பைவிட இரு மடங்கு சத்தம் என்று நினைத்திருந்தேன். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே ஸ்பீக்கரில் போட்டால், 100 வாட் அம்ப் 15 வாட் அம்ப்பைவிட இரு மடங்கு சத்தமாகக்கூடக் கேட்காது. இதைத் தெரியாமல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் தூக்க முடியாத பெட்டிகளுக்குக் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

ஒருநாள் மூடிய பெட்டிகளில் ஒன்றை "இது நிச்சயம் ஃபெண்டர்" என்றேன். மேல்சுருதி மணியாகக் கேட்டது, அடிச்சுருதி அகலமாக இருந்தது. சாரத்தை எடுத்தார். மார்ஷல். ஆனால் அதன் சொந்த மூடிய பெட்டியில் இல்லை; பின்னால் திறந்த, வேறு ஸ்பீக்கர் போட்ட பெட்டி ஒன்றுக்கு, ஓம் அளவு பார்த்து இணைத்திருந்தார். பிறகு அதே மார்ஷலை அதன் பெட்டிக்கு மாற்றினார். நெஞ்சில் குத்தும் அந்தப் பழகிய சத்தம் உடனே வந்தது. நாங்கள் பெயருக்குக் கொடுக்கும் புகழில் பெரும் பங்கு ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் உரியது என்று அன்று கண்டேன். கையிலிருக்கும் அம்ப்பின் சத்தம் பிடிக்காமல் வேறு பெயர் தேடி வருபவர்களுக்கு, முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள் என்று இன்று சொல்லும் துணிவு அந்த நாளில் வந்தது. அம்ப்பை விற்று வாங்குவதைவிட அது மலிவு.

அதற்குப் பிறகு வந்த சறுக்கல் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு திருமண மண்டப நிகழ்ச்சி. எங்கள் கடையில் திருத்திய அம்ப், வாசிப்பவர் எனக்கு நெருங்கிய நண்பர். அவருக்கு ரோன், அதாவது சத்தத்தின் குணம், அமைத்துத் தரும் பொறுப்பை மாஸ்டர் என்னிடம் விட்டார். கடையில், இரவு, ஆள் இல்லாத நேரத்தில், மெல்லிய சத்தத்தில் வைத்து அமைத்தேன். பேஸும் ட்ரெபிளும் மேலே, மிட் கீழே. கேட்கக் கேட்க இனிமை. இளையராஜா பாடல்களின் கிற்றார் துண்டுகளை அவர் வாசிக்க, கடை முழுக்க மினுங்கியது.

மண்டபத்தில் ட்ரம், பேஸ் கிற்றார், கீபோர்ட், இரண்டு பாடகர்கள். முதல் பாடலிலேயே நண்பரின் கிற்றார் காணாமல் போனது. விரல் ஓடுவது தெரிகிறது, சத்தம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் வொலியூமைக் கூட்டினேன். பாடகர் காதைப் பொத்திக்கொண்டார். முன்வரிசையில் நேரே இருந்தவர்களுக்கு ட்ரெபிள் ஊசியாகக் குத்தியது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அப்போதும் கேட்கவில்லை. இன்னும் ட்ரெபிளைக் கூட்டினேன். நிகழ்ச்சி முடியும்வரை அந்தப் போராட்டம் தீரவில்லை. கீபோர்ட்காரர் கிற்றார் துண்டுகளையும் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டார். நண்பர் அம்ப்பை நிறுத்திவிட்டுக் கைதட்டிக்கொண்டு நின்றார். வீடு திரும்பும் வழியில் அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குக் கூட வலித்தது.

அடுத்த நாள் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஃபெண்டர் ட்வின் ரிவேர்பை எடுத்து, பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் பூச்சியத்துக்குத் திருப்பி, வாசிக்கச் சொன்னார். சத்தமே இல்லை. அம்ப் செத்துவிட்டதென்று நினைத்தேன். மிட் நொப்பை மட்டும் மெல்ல ஏற்றினார். கிற்றார் எழுந்து வந்தது. மினுக்கமில்லை, அகலமில்லை, ஆனால் ஒவ்வொரு தந்தியும் தெரிந்தது. அந்த அம்ப்பில் நொப்புகள் எல்லாம் நடுவில் நிற்கும்போதே, சுமார் 400 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் அழகு. குழுவோடு வாசிக்கும்போது கீழ்ச்சுருதியைப் பேஸ் கிற்றாரும் ட்ரமும் பிடித்துவிடும், மேற்சுருதியைச் சிம்பல் பிடித்துவிடும். கிற்றாருக்கென்று மிச்சமிருக்கும் இடம் நடுதான். அந்த நடுவை நான் முதலே கிள்ளி எறிந்திருக்கிறேன். அதோடு, மெல்லிய சத்தத்தில் மனிதக் காது கீழையும் மேலையும் குறைத்தே கேட்கும். 1933இல் ஃப்ளெச்சரும் மன்சனும் அளந்து காட்டியது. இரவில் மெதுவாக வைத்துக் கேட்டவன், குறைந்ததைக் கூட்டத்தான் செய்வான். மண்டபச் சத்தத்தில் அவை தாமாகவே எழுந்து வரும்.

அம்ப்பின் முன்னால் எங்கே நிற்பது என்பதையும் அன்றுதான் பழகினேன். ட்ரெபிள், ஸ்பீக்கரின் நடுவிலிருந்து நேர்கோட்டில் போகும். வாசிப்பவர் பக்கத்தில் நிற்கும்போது அது அவர் முழங்காலுக்குப் போகிறது. காதுக்கு வருவது மங்கியது. அதனால் ட்ரெபிளைக் கூட்டுவார். ஊசி முன்வரிசைக்குப் போகும். பெட்டியைச் சற்றுச் சாய்த்து, ஸ்பீக்கர் முகம் வாசிப்பவர் முகத்தைப் பார்க்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு மரக்கட்டை போதும்.

மிட் என்ற அந்த நடுவைக் கேட்கும் காது எனக்கு முழுமையாகத் திறந்தது பாலையூற்றுப் பறங்கியர் குடும்பம் ஒன்றின் விருந்தில்தான். அங்கே பைலாவும் கப்ரிஞ்ஞாவும் வாசிக்கும் பெரியவர் ஒருவர். ஆறெட்டுத் தாளத்தில் கை ஓயாமல் ஓடும். அவருடைய அம்ப்புக்குப் பெயர்த்தகடு எப்போதோ கழன்றுவிட்டது. பேஸ் கிட்டத்தட்டப் பூச்சியம். மிட் முழுவதும். தனியாகக் கேட்டால் வறண்ட சத்தம். வயலினும் மத்தளமும் பாட்டும் சேர்ந்தபோது, அவருடைய ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாக விழுந்தது. அதில்தான் எல்லோருடைய காலும் அசைந்தது. மாஸ்டர் என்னை அங்கே ஏன் கூட்டிப்போனார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அதன் பிறகு பெயர்கள் எனக்குக் குணங்களாகக் கேட்கத் தொடங்கின. ஃபெண்டர் மிதிகளுக்கு நல்ல தரை. சுத்தமான சத்தத்தை உடையாமல் உயர்த்தும். டீலக்ஸ் ரிவேர்பில் மிட் நொப் கிடையாது, அந்த இடத்தில் ஒரு நிலையான ரெசிஸ்டர்தான். குழுவில் வாசிப்பவர் வாங்குமுன் இதை அறியவேண்டும். மார்ஷலில் பள்ளம் ஆழம் குறைவு, நடு முன்னுக்கு நிற்கும், இஎல்34 வால்வுகள் உடையும்போது ஒரு கரகரப்பான உறுதி. ஆனால் அது பேசத் தொடங்க வொலியூம் ஏறவேண்டும். வொக்ஸ் ஏசி30இல் இஎல்84 வால்வு நான்கு. விரல் அழுத்தத்தை உடனே காட்டிக்கொடுக்கும். அதன் 'கட்' நொப்பை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும். இது தெரியாமல், கூட்டக் கூட்ட மங்குகிறதே என்று ஒரு முழுப் பின்னேரம் அதன் உள்ளே பழுது தேடியிருக்கிறேன். மாஸ்டர் கடைசியில் வந்து, அதை இடப்பக்கம் திருப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

இந்த மண்ணில் தெரிவை முடிவு செய்வது ரோன் மட்டுமல்ல, உறவு எங்கே இருக்கிறது என்பதும்தான். கனடாவிலிருந்து வரும் அம்ப் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கள் சுவரில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேராகப் போட்டால் ஃபியூஸ் போவது நல்ல காலம். இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டாலும், 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய மின்மாற்றி 50இல் கூடச் சூடாகும். லண்டனிலிருந்து வருவது அப்படியே வேலை செய்யும். ரொறன்ரோவில் அண்ணன் இருப்பவருக்கும் லண்டனில் மாமா இருப்பவருக்கும் என் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

2022இன் அனுபவமும் சேர்ந்தது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. நிகழ்ச்சிகள் ஜெனரேட்டரில் நடந்தன. அதன் வோல்ட் ஏறி இறங்க, வால்வு அம்ப்புகள் முனகின. அதே மாதம் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால், உலகின் பெரிய வால்வுத் தொழிற்சாலைகளில் ஒன்றான சரத்தோவ் நகரத்துத் தொழிற்சாலையின் வால்வுகள் தடைப்பட்டு விலை ஏறியது. எங்களிடம் டொலரும் இல்லை. அப்போதுதான் ட்ரான்சிஸ்டர் அம்ப்பை நான் மரியாதையோடு பார்க்கப் பழகினேன். 1975இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120, இரண்டு 60 வாட் பகுதிகளும் இரண்டு ஸ்பீக்கர்களும் கொண்டது. மாற்ற வால்வு இல்லை, சூடேறக் காத்திருக்கத் தேவையில்லை, கோரஸைப் போட்டால் சினிமாப் பாட்டின் அகலம் உடனே வரும். பொஸ் கட்டானா போன்ற டிஜிட்டல் அம்ப்புகளில் அரை வாட்டுக்குக் குறைத்தும் வாசிக்கலாம். வீட்டில் பழகும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. மாஸ்டர் இதை ஏற்கமாட்டார். "பலகை போனா ஆர் திருத்துறது?" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பழகும் வயதில் அதை வாங்கச் சொல்வதில் நான் தயங்குவதில்லை.

என் ஊர் இளைஞர் இசைக்குழு ஓர் அம்ப் வாங்க என்னிடம் வந்தபோது, மாஸ்டர் அந்த வேலையை முழுதாக என்னிடமே விட்டார். அவர்களுக்கு 100 வாட் மார்ஷல் தலையும் பெரிய பெட்டியும் வேண்டும். மேடையில் பார்வையாக இருக்கும். எங்கே வாசிப்பீர்கள் என்று கேட்டேன். கோயில் திருவிழா, பள்ளி மண்டபம், கலியாண வீடு. ஒரே இரவில் பழைய சினிமாப் பாட்டு, பைலா, ஒரு ரொக் துண்டு. ஏற்றி இறக்குவது முச்சக்கரவண்டியில்.

கடையில் வைத்துக் கேட்கவில்லை. பள்ளி மண்டபத்துக்கு மூன்றைக் கொண்டுபோனேன்: ஒரு மார்ஷல், இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமரோடு கனடா ஃபெண்டர் ஒன்று, நிலாவெளி ஹோட்டல் ஒன்று விற்க வைத்திருந்த பழைய ஜாஸ் கோரஸ். மூன்றையும் சாரத்தால் மூடினேன். குழு முழுதாக வாசிக்க, ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தத்தைச் சமப்படுத்தினேன். விரலை எடுத்துவிட்டுக் கேட்டேன். அவர்களை மண்டபத்தின் நடுவிலும் மூலையிலும் மாறி மாறி நின்று கேட்கச் சொன்னேன். ரொக் துண்டில் எல்லோரும் மார்ஷலைக் காட்டினார்கள். மற்ற எல்லாவற்றிலும் ஜாஸ் கோரஸ். ஒரு டிஸ்டோர்ஷன் மிதியைச் சேர்த்து, மிட்டை ஏற்றி அந்த ரொக் துண்டைத் திரும்ப வாசித்தபோது, மார்ஷலுக்குப் பக்கத்தில் வந்தது. சமமாக வரவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னேன். ஜாஸ் கோரஸ் 28 கிலோ என்பதால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கவேண்டும் என்பதையும் சொன்னேன்.

மாஸ்டர் அதன் பின்பக்கத்தைக் கழற்றி, ஜாக்குகளைப் பார்த்து, நான் புதிதாக ஒட்டியிருந்த வயர்களைக் குறட்டால் ஒவ்வொன்றாக இழுத்தார். எதுவும் வரவில்லை. "எவ்வளவு கேக்கினம்?" என்றார். சொன்னேன். "வாங்கச் சொல்லு."

அந்தக் குழுவின் முன்னணிக் கிற்றார்காரத் தம்பி இன்னும் மார்ஷல்தான் வேண்டும் என்கிறான். அவன் வாசிப்புக்கு அது பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன். 20 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 230 வோல்ட் என்று எழுதி, லண்டனில் இருக்கும் அவனுடைய மாமாவுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.